அத்தானின் இருபத்துமூன்று வேலைகள்

என் அக்காவின் புருஷன் வினாயகமூர்த்திக்கு நேரமில்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அவரே சொன்னது. எனக்கு மட்டும் சொன்னதும் இல்லை. மண்டூர்ப் பக்கம் வாவிக்கரையோரமாக இருக்கிற எங்கள் ஊரில் காது கேட்கிற எல்லோருக்கும் ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார். ஐந்து நிமிடம்கூட நேரமில்லை என்பதை விளக்க அவருக்கு இருபது நிமிடம் பிடிக்கும். சைக்கிளில் போகிறவரை மறித்து, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, "நிக்க நேரமில்ல மனே" என்பார். பிடித்த ஹாண்டிலை மட்டும் விடமாட்டார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. வட்டையில் இருக்கிற மூன்று ஏக்கர் வயலையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். ஒரே மகள் கிருஷாந்தினி கல்யாணம் முடித்துச் செங்கலடியில் இருக்கிறாள். வீட்டில் ஆடு மாடு இல்லை, ஒரு கோழிகூடக் கிடையாது. சமையல் அக்காவின் பொறுப்பு. இத்தனையும் இல்லாத ஒரு மனிதருக்கு நேரமும் எப்படி இல்லாமல் போனது என்று யோசித்து யோசித்து எனக்குத்தான் தலை நரைத்தது.

ஊர் முகப்பில் நான் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அத்தான் வந்து வாங்கில் உட்காருவார்.

"மச்சான், இண்டைக்கு எங்க தொடங்கி எங்க முடிக்கிற எண்டு தெரியல்ல."

"எனக்கும் அதான் அத்தான். நாலு பைக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே நான் ஏதாவது ஒரு வண்டிக்குக் கீழே தலையைக் கொடுத்துவிடுவேன். ஒரு பிழையும் இல்லாத வண்டிக்குக் கீழேயும் கொடுத்திருக்கிறேன். இந்த வித்தையை ஊரில் எல்லோரும் பழகியிருந்தார்கள். அவர் தன் வேலையைச் சொல்லத் தொடங்கினால், அதைவிட வேகமாக நம் வேலையைச் சொல்லிவிட்டு நழுவ வேண்டும். மீன் வாங்க நின்ற பெண்கள்கூட, "ஐயோ, உலையில அரிசி கிடக்கு" என்று வெறுங்கையோடு ஓடியதுண்டு.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நேரில் வந்துதான் அழைப்பார்கள். ஆகையால் வரமுடியாது என்பதையும் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்பது அத்தானின் கொள்கை. போன வருடம் குருமண்வெளியில் அவருடைய கந்தோர்க் கூட்டாளி ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். அன்று காலை வேட்டி சால்வையோடு புறப்பட்டு, வாவியைக் கடக்கிற பாதையில் ஏறினார். இரும்பு மிதவையில் பலகை அடித்து மோட்டார் பூட்டியதைத்தான் நாங்கள் பாதை என்போம். வண்டியும் மனிதரும் எல்லாம் அதில்தான் போகும். அதன் முன் விளிம்பில் போய் நின்றார், அங்கே நின்றால் மற்றவர்களைவிட முந்திப் போய்விடலாம் என்பதுபோல. அக்கரையில் இறங்கிக் கல்யாண வீட்டுக்குப் போய், வர நேரமில்லை என்று பெண்ணின் தகப்பனிடம் விளக்கினார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் விளக்கினார். பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரருக்கும் விளக்கினார். பின்னேரம் நாலு மணிக்குத்தான் திரும்பினார். மறுகிழமை என் கடைக்கு வந்த பெண்ணின் தகப்பன், "எல்லாரும் வந்தாங்க, உங்கட அத்தான் மட்டும் வரல்லயே" என்று உண்மையாகவே மனம் நொந்து சொன்னார். கல்யாண அல்பத்தில் அத்தான் மூன்று படத்தில் இருக்கிறார். ஒன்றில் பாயசம் குடிக்கிறார்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. வண்ணக்கர் விசயம் வந்ததுதான் வினை.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர் உண்டு. அந்தக் குடியின் சார்பில் கோயில் காரியங்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். குடி எங்களுக்குத் தாய்வழியாக வரும். வைகாசிச் சடங்கு முடிகிற நாளில், ஊரே கூடியிருக்க, ஒவ்வொரு குடியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வண்ணக்கர் போய் அம்மனின் பிரசாதத்தை முதலில் வாங்குவார். அத்தானின் குடிக்கு அவருடைய தாயின் தம்பி கந்தப்போடியார்தான் முப்பது வருடமாக வண்ணக்கர். எண்பத்துநாலு வயதாகி, படி ஏற முடியாமல் போனதும் விலகப் போவதாகச் சொன்னார்.

அத்தானுக்கு அந்த இடம் வேண்டும். சும்மா வேண்டும் என்பதில்லை, நெஞ்சு வலிக்க வலிக்க வேண்டும். கந்தோரில் இருந்தபோது ஒரு நாளைக்கு ஐம்பது தரம் அவர் பேரைக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட ஒரு தேவையும் யாருக்கும் இருக்கவில்லை. அக்காகூட "இஞ்சேருங்க" என்றுதான் கூப்பிடுவாள். சடங்கு நாளில் ஒலிபெருக்கியில் தன் பேர் போவதை நினைத்து அவர் முகம் கழுவும்போதே சிரிப்பார் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் அந்த இடத்தை யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. குடியார் கோயில் முற்றத்தில் கூடியிருந்து, வேண்டியவருக்கு முன்னால் வெற்றிலைத் தட்டை, வட்டா என்போம், நீட்டுவார்கள். முதல் தரமே கை நீட்டினால் ஆளை ஆசை பிடித்தவன் என்பார்கள். அதனால் இரண்டு தரம் மறுக்க வேண்டும், மூன்றாம் தரம் வெற்றிலையை எடுக்க வேண்டும். இன்னொரு கட்டும் உண்டு. வட்டா ஒருவருக்கு முன்னால் இருக்கும் வரைக்கும் அவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் மறிக்கவும் கூடாது, எழும்பிப் போகவும் கூடாது.

அத்தான் இதற்கு இரண்டு கிழமை ஒத்திகை பார்த்தார். முதல் தரம், "எனக்கு எங்க நேரம்?" இரண்டாம் தரம், "உண்மையா நேரமில்ல." மூன்றாம் தரத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமான பேச்சு. தனக்கு இருக்கிற மூன்று பெரிய வேலைகளைச் சொல்லி, "ஆனாலும் அம்மன்ட வேலை எண்டா மத்தெல்லாம் பிறகுதான்" என்று முடித்து, வெற்றிலையை எடுப்பது. குசினியில் அக்கா இறால் உடைத்துக்கொண்டிருக்க, உப்புப் போத்தலை வட்டாவாக வைத்து அவர் பேசினார். "மூணு நிமிசத்தில முடிச்சிட்டார் தம்பி. நல்லாத்தான் இரிந்தது" என்றாள் அக்கா. கல்யாணம் கட்டி முப்பத்தைந்து வருடத்தில் அவர் எதையும் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தது அதுதான் முதல் தரம் என்பதால் அவளுக்குக் கண்ணும் கலங்கிவிட்டது.

கூட்டம் சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. நானும் அக்காவும் வேறு குடி என்பதால் உள்ளே இருக்க முடியாது. வேலிக்கு வெளியே என் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றோம். முற்றத்து மணலில் ஒரு நாற்பது பேர் இருந்தார்கள். செயலாளர் துசாந்தன் கூட்டக் கொப்பியோடு முன்னால் இருந்தான். அத்தானின் தங்கை மகன் கேதீசன், முழங்கால் வரை சேறு காயாமல் பின்வரிசையில் இருந்தான். அவன் விடியலில் வலை இழுத்து, பகலில் உழவு மெசின் ஓட்டி, பின்னேரம் மண் ஏற்றுகிறவன்.

கந்தப்போடியார் வட்டாவை அத்தானுக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கு எங்க மாமா நேரம்?" என்றார் அத்தான், தலையைக் குனிந்து. அழகாக இருந்தது.

இரண்டாம் தரமும் வைத்தார். "உண்மையா நேரமில்ல மாமா." அதுவும் அழகு. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் தரம் வட்டா வந்தது. அத்தான் எழுந்து நின்று, சால்வையைச் சரி செய்துகொண்டு தொடங்கினார். முதலாவது, அன்னப்பூரணியைக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அன்னப்பூரணி என்பது என் அக்கா. இரண்டாவது, மகளின் வீட்டு வளவில் முருங்கை சரிந்து கிடக்கிறது, அதை வெட்ட வேண்டும். மூன்றாவது, பழைய கந்தோரில் இப்போது இருப்பவர்கள் தன்னைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. சரி, மூன்றும் முடிந்தது. அடுத்த சொல் "ஆனாலும்" என்று நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நாலாவது" என்றார் அத்தான்.

அக்கா பிடித்த பிடியில் என் கை நோகத் தொடங்கியது. ஐந்தாவது, ஊரின் வரலாற்றை எழுதச் சொல்லி வெளிநாட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். எட்டாவது, வாவியில் இருக்கிற முதலைகளை யாராவது எண்ண வேண்டும், அதைத் தன்னை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். யார் விட்டார்கள் என்று சொல்லவில்லை. பதினொன்றாவது பக்கத்து வீட்டுத் தக்சிகாவின் கணக்குப் பாடம். பதினாறாவது, பெரியகல்லாற்றில் ஒரு ஐஸ் பெட்டி விசயம். அது என்ன விசயம் என்றும் சொல்லவில்லை, "அது பெரிய கதை" என்றதோடு விட்டார். கட்டுப்படி ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் இருமக்கூட இல்லை. நாற்பது பேரும் அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தார்கள். துசாந்தன் கடமை தவறாதவன், எல்லாவற்றையும் இலக்கம் போட்டு எழுதினான். வெயில் மரத்தைத் தாண்டி எல்லோர் தலையிலும் இறங்கிற்று. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆனபோது, இருபத்துமூன்றாவது வேலையைச் சொல்லிவிட்டு, அத்தான் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் என்ற சொல் வரவே இல்லை.

கந்தப்போடியார் வட்டாவை எடுத்துக் கேதீசனுக்கு முன்னால் வைத்தார். அவன் இரண்டு தரம் தலையை ஆட்டி மறுத்தான். மூன்றாம் தரம், "ஓம்" என்று சொல்லி வெற்றிலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டான். "வலை தண்ணிக்க கிடக்கு, வாறன்" என்று எழும்பிப் போனான். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அத்தானுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துப் போயிற்று.

"மாமா, நான் மாட்டன் எண்டு சொல்லல்லயே!"

"நேரமில்ல எண்டு சொன்னாய் மனே. மூணு தரமும் அதத்தான் சொன்னாய்."

அத்தான் சுற்றிலும் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை, அந்த வாயிலிருந்து கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. "எனக்கு ஒரு வேலையும் இல்ல மாமா. நாலு வருசமா ஒரு வேலையும் இல்ல."

"தெரியும் மனே" என்றார் கந்தப்போடியார். "ஊருக்கே தெரியும். நீ சும்மா இரிக்கிறாய் எண்டு தெரிஞ்சுதானே உனக்கு முதல் வட்டாவ வெச்ச."

"மறுகா ஏன் எடுத்தீங்க?"

"அம்மன்ட முத்தத்தில நிண்டு ஒரு ஆள் சொன்னதப் பொய்யெண்டு நான் எப்பிடிச் சொல்லுற? மாட்டுக் களவுக்கும் காணிச் சண்டைக்கும் இஞ்ச வந்துதானே சத்தியம் பண்ணுற. இஞ்ச சொன்னா அது உண்மைதான்."

அந்த முற்றத்தில் சொல்லப்பட்டதை மறுத்துப் பேசியவர்கள் எங்கள் ஊரில் இல்லை. வேலிக்கு வெளியே நின்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அத்தான் மணலில் இருந்தபடி சிறுபிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கந்தப்போடியார் அத்தோடு விடவும் இல்லை. சொன்னது உண்மை என்றால் அந்த வேலைகள் இருக்க வேண்டும், இருந்தால் நடக்க வேண்டும். "சடங்குக்கு முன்னம் தொடங்கிரு மனே. அல்லாட்டி அம்மனுக்குக் குத்தம்" என்றார். துசாந்தன் கொப்பியிலிருந்து இரண்டு பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, செயலாளர் கையொப்பமும் வைத்து, அன்று பின்னேரமே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை அத்தான் கடைக்கு வரவில்லை. அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். அக்காவுக்கு இரண்டு வருடமாக ஊசியில் நூல் கோக்க முடியாமல் இருந்ததாம். அவள் எனக்கும் சொன்னதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அவரைப் பார்த்து, "இவ்வளவு வயசு போயிற்றா உங்களுக்கு?" என்றாளாம்.

செங்கலடிக்குக் கத்தியோடு போய் இறங்கியபோது கிருஷாந்தினி வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டாள். "அப்பா, அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டாளாம். காரணமில்லாமல் அவர் வந்ததில்லை. முருங்கை வெட்டத்தான் வந்தேன் என்பதை அவளை நம்பவைக்க, அக்காவைப் போனில் எடுத்துப் பேசக் கொடுக்க வேண்டியிருந்தது. முருங்கை சரியவே இல்லை. இருந்தாலும் வெட்டினார், சொன்னது சொன்னதுதானே.

பழைய கந்தோர் விசயம்தான் கடினமாக இருந்தது. அவரைக் கேட்காமல் அங்கே ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார், அங்கே இருப்பவர்களுக்கோ அவரை யாரென்றே தெரியாது. செவ்வாய்க்கிழமை போய்ச் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறு செவ்வாயும் போனார். அன்று மழை சாய்ந்து அடிக்க, அங்கே வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து, "ஐயா, யன்னலச் சாத்தவா?" என்று கேட்டது. அத்தான் கொஞ்சம் யோசித்து, "சாத்துங்க மகள்" என்றார். வெளியே வந்து மழையில் நனைந்தபடியே மூன்றாம் இலக்கத்துக்கு நேரே சரி போட்டார்.

பெரியகல்லாற்றில் ஐஸ் பெட்டி விசயம் என்னவென்று அவருக்கே தெரியாது. இரண்டு நாள் வீடு வீடாகப் போய், "இஞ்ச ஐஸ் பெட்டியில ஏதும் பிரச்சினை இரிக்கா?" என்று கேட்டார். பலர் அவரை ஏதோ நிறுவனத்து ஆள் என்று நினைத்துப் பேர் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு மீன் வியாபாரியின் பெட்டியில் மூடியின் பிணைச்சல் கழன்றிருந்தது. என்னிடமிருந்து இரண்டு ஆணி வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் இரண்டு கிலோ மணலை மீன் கொடுத்தனுப்பினார். அக்கா அதைத் தேங்காய்ப் பால் விட்டுக் காய்ச்சினாள்.

வைகாசியில் சடங்கு நடந்தது. கடைசி நாள் குடி கூப்பிட்டபோது, ஒலிபெருக்கியில் கேதீசனின் பேர் போயிற்று. அவன் குளித்துவிட்டு ஓடி வந்த அவசரத்தில் காதோரம் சவுக்கார நுரை இருந்தது. அத்தான் சனத்தோடு சனமாக நின்று கைகூப்பினார். எனக்கு அவரைப் பார்க்கத் துணிவில்லை, அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்திரண்டு வேலைக்குச் சரி போட்டாயிற்று. முதலை மட்டும் முடிகிற மாதிரி இல்லை, ஒவ்வொரு நாளும் கணக்கு மாறுகிறது. தினமும் நாலு மணிக்கு ஒரு கொப்பியோடு வாவிக்கரைக்குப் போய்விடுவார். போன கிழமை ஒருநாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"எத்தின அத்தான்?"

"மூணு. அந்தா கிடக்கிற முதலையா கட்டையா எண்டு பாக்கணும். கட்டை எண்டா ரெண்டு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம். அது அசையவில்லை.

"அத்தான், ஒண்டு கேக்கவா? அக்காவுக்கு முன்னால அந்தப் பேச்ச மூணு நிமிசத்தில முடிச்சீங்க. கோயில்ல என்ன நடந்த? மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல மச்சான். மூணாவது வேலை சொல்லி முடியக்குள்ள ஆனாலும் எண்ட சொல்லு வாயிலதான் நிண்டது."

"மறுகா?"

அவர் கொப்பியின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்தினார்.

"நாப்பது பேர் மச்சான். ஒருத்தரும் எழும்பல்ல. ஒருத்தரும் தனக்கு வேலை இரிக்கு எண்டு சொல்லல்ல. நான் சொல்லுறத எல்லாரும் கேட்டுக்கொண்டு இரிந்தாங்க. வெத்திலைய எடுத்தா கூட்டம் முடிஞ்சிரும், எல்லாரும் போயிருவாங்க. இன்னும் ஒண்டு சொல்லிற்று எடுப்பம், இன்னும் ஒண்டு சொல்லிற்று எடுப்பம் எண்டு..."

கடையில் மூன்று வண்டி கழற்றினபடி கிடந்தன, ஒன்றுக்கு ஐந்து மணிக்கு ஆள் வருவான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"இருபத்திநாலாவது என்ன அத்தான்?" என்று கேட்டேன்.

கேலி பண்ணுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.